டிராலி இல்லாமல் ஒரு முறை

சக்கரம் என்றால் அவளுக்கு உயிர் என்று முதல் நாளே எழுதி வைத்தவள் நான்தான். எங்கள் மையத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோப்பு உண்டு. முதல் பக்கத்தில் 'பிடித்தவை' என்று ஒரு கட்டம் இருக்கும். அவளுடைய கோப்பில் அந்தக் கட்டத்துக்குள், என் கையெழுத்தில், 'சுழலும் பொருள்கள், குறிப்பாகச் சக்கரங்கள்' என்று இருக்கிறது. அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். பத்து மாதம் கழித்து விமான நிலைய வாசலில் ஒரு பெரிய குடும்பத்துக்கு நடுவே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது அந்த அடிக்கோடுதான் கண்முன் வந்தது.

நான் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுக்கிறவள். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு வீட்டு மாடியில் எங்கள் மையம். எங்கள் வேலை என்னவென்று கேட்டால் சுருக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. கை கழுவுவது என்று மற்றவர்கள் ஒரே வார்த்தையில் சொல்வது எங்களுக்குப் பதினொரு வேலை. குழாயடிக்குப் போவது ஒன்று, குழாயைத் திறப்பது ஒன்று, கையை நனைப்பது ஒன்று. ஒவ்வொன்றையும் தனியாகக் கற்றுக்கொடுப்போம். செய்தால் அந்தக் குழந்தைக்குப் பிடித்த ஏதாவது உடனே கிடைக்கும். செய்ததா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் தாளில் குறிப்போம். இதை ஊரில் என் சித்தப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "புள்ளைங்களோட வெளையாடுறதுக்கா அஞ்சு வருசம் காலேஜுக்குப் போன?" என்றார்.

ஊர் மருங்காபுரிப் பக்கம். மானாவாரிக் காடு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அம்மா இன்றைக்கும் ரேகைதான் வைக்கிறாள். அப்பா பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுகிறவர். அதனால் நான் எழுதுகிற ஒவ்வொரு காகிதமும் எனக்குப் பெரிய விஷயம். மையத்தில் என் அறிக்கைகளைப் போல யாருடைய அறிக்கையும் இருக்காது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தப் பெண் குழந்தைக்கு நாலரை வயது. வீடு பெரிய கடைவீதிக்குப் பின்னால், பழைய ஊருக்குள். வாரத்தில் மூன்று நாள் அவளுடைய அம்மா அவளைப் பஸ்ஸில் ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டி எங்களிடம் அழைத்து வருவார். சனிக்கிழமைகளில் நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன். குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தை இருந்தது. தண்ணி, போதும், பஸ்ஸு, இப்படி. கண்ணைப் பார்க்க மாட்டாள். எந்த வண்டி நின்றாலும் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் தடவுவாள். ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரிடம் அவளுடைய அம்மா திட்டு வாங்கியிருக்கிறார்.

கோப்பில் இன்னொரு கட்டம் உண்டு. 'குடும்பத்தின் எதிர்பார்ப்பு.' எல்லாரும் அதில் 'பேச வேண்டும்' என்பார்கள். அல்லது 'நார்மல் ஸ்கூலில் சேர வேண்டும்' என்பார்கள். இவளுடைய அம்மா சொன்னது வேறு.

"டீச்சர், அவ அத்தா வர்றப்ப ஏர்போர்ட்ல அவங்ககிட்டப் போகணும். அது போதும்."

"பேச்சு வேணாமாக்கா?"

"பேச்சு அல்லாஹ் குடுக்கும்போது குடுக்கட்டும். போன தடவை முப்பது நாள் லீவுல வந்தாங்க. முப்பது நாளும் அவங்க மொகத்தப் பார்த்தாலே கத்துனா. சோத்துத் தட்டை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயி சாப்பிட்டாங்க, டீச்சர். சொந்த வீட்டுல."

அப்பாவைத்தான் அவர்கள் அத்தா என்பார்கள். அவர் வளைகுடாவில் குழாய் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் மேஸ்திரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பு. அவர் போன சமயத்தில் குழந்தைக்கு எட்டு மாதம். அடுத்து வந்தபோது மூன்று வயது. அந்த முப்பது நாள் கதைதான் குடும்பம் முழுக்கப் பரவியிருந்தது. குறிப்பாகக் குழந்தையின் அப்பாவுடைய அக்கா, அதாவது இவருக்கு நாத்தனார், அதை விடுவதாக இல்லை. "புள்ளைய ஒழுங்கா வளர்த்திருந்தா அத்தாவைத் தெரியாமப் போகுமா" என்று கல்யாண வீடுகளில் சொல்வாராம். அடுத்த விடுப்புக்குப் பத்து மாதம் இருந்தது. நாற்பது நாள் விடுப்பு. நான் அந்தக் கட்டத்தில், 'விமான நிலையத்தில் தந்தையை அடையாளம் கண்டு, அருகில் சென்று, அழைத்தல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முடியும் என்றும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரை நான் நேரில் பார்க்கும் முன்பே அவர் மேல் எனக்கு அலுத்துப் போயிருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தினமும் வீடியோ காலில் வந்துவிடுவார். பயிற்சி நடக்கும்போது அலமாரியில் ஒரு தண்ணீர் பாட்டிலில் போன் சாய்ந்திருக்கும். அதிலிருந்து தட்டும் கையுமாக ஒரு முகம் பேசிக்கொண்டே இருக்கும்.

"டீச்சர், கேமராவைக் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம் திருப்புங்க."

"அண்ணே, பேசாம இருந்தா நல்லது. அவ கவனம் போயிடும்."

"சரி டீச்சர். பேசல. நேத்து எட்டுல அஞ்சு. இன்னிக்கு எட்டுல ஆறு. சரியா?"

சரிதான். அதுதான் எரிச்சல். நான் தாளில் குறிப்பதற்குள் அவர் சொல்லிவிடுவார். சில நாள் நான் ஐந்து என்று எழுதிவிட்டு அவர் ஆறு என்று சொன்னால், மறுபடி யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த அறையிலிருந்து அம்மா, "டீச்சரை வேலை பார்க்க விடுங்களேன்" என்பார். "நான் என்ன பண்றேன், சாப்பிடுறேன்" என்று பதில் வரும்.

முதல் ஐந்து மாதம் புகைப்படம். பத்துப் படங்களுக்கு நடுவே அப்பாவின் படத்தை எடுக்க வேண்டும். எடுத்தால் ஒரு சின்ன பொம்மைக் காரை இரண்டு முறை உருட்டலாம். அது நன்றாக வந்தது. படத்தைக் காட்டினால் 'அத்தா' என்று சொல்லவும் பழகினாள். மெல்லிய குரல், பாதி எழுத்து தொண்டைக்குள்ளேயே நிற்கும். ஆனால் வார்த்தை அதுதான்.

அடுத்தது ஏர்போர்ட். கூட்டம், சத்தம், ஒலிபெருக்கி. அங்கே போய்ப் பழகாமல் அன்றைக்கு மட்டும் எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே அங்கேயே ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தேன். என் மூளையில் உதித்தது என்று பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவாக நடிக்க ஒரு ஆள் வேண்டும். குழந்தையின் தாய்மாமா வந்தார். பெரிய கடைவீதியில் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், வாய் கொஞ்சம் அதிகம்.

நான் அப்பாவின் முகத்தைப் பெரிதாக அச்சடித்து, லேமினேஷன் செய்து, கயிறு கோத்து எடுத்துப் போயிருந்தேன். மாமா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். மாமாவையே அத்தா என்று பழக்கிவிடக் கூடாது அல்லவா. அவ்வளவு தூரம் யோசித்திருந்தேன்.

"என்ன டீச்சர், எலெக்சனுக்கு ஓட்டுக் கேக்குற மாதிரி இருக்கு" என்றார் மாமா.

"மாட்டுங்க, மாமா. வேற வழியில்ல" என்று குழந்தையே சொல்வது போல, அவளைப் பார்த்துக்கொண்டே, தன் அண்ணனிடம் சொன்னார் அம்மா.

டிராலி மாமாவின் யோசனை. அதை நான் அவர் தலையில் கட்டப்போவதில்லை, ஒத்துக்கொண்டது நான்தான். "சபுராளி கைய வீசிக்கிட்டா வருவான்?" என்று கேட்டார். வெளிநாட்டில் சம்பாதிக்கப் போனவர்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சுற்றிப் பார்த்தேன். வருகிறவர்கள் எல்லாருமே டிராலி தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிய அட்டைப் பெட்டி, அதன் மேல் ஒரு சூட்கேஸ், அதன் மேல் ஒரு பொம்மை. நான் விமானத்தில் வந்த யாரையும் வரவேற்கப் போனவள் இல்லை. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் மணப்பாறை பஸ்ஸில் வருவார்கள். சரி என்றேன். கார் நிறுத்துமிடத்தில் யாரோ விட்டுப் போயிருந்த டிராலி ஒன்றை மாமா எடுத்து வந்தார். மூன்றாவது தூணிலிருந்து தள்ளிக்கொண்டு வருவார். குழந்தை போக வேண்டும், கம்பியைப் பிடிக்க வேண்டும், 'அத்தா' என்று சொல்ல வேண்டும். சொன்னால் பரிசு.

பரிசு என்ன தெரியுமா. அந்த டிராலியில் உட்கார்ந்து ஒரு சுற்று.

இதை இன்றைக்கு எழுதும்போது எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சக்கரம் என்று அடிக்கோடு போட்டவள், சக்கரத்தின் மேலேயே அவளை உட்கார வைத்துச் சுற்றி வந்தேன், அதற்குப் பெயர் பாடம் என்று நினைத்துக்கொண்டு.

ஆறு ஞாயிற்றுக்கிழமை போனோம். முதல் வாரம் கத்தினாள். இரண்டாவது வாரம் துப்பாக்கி வைத்திருந்த பாதுகாப்புக்காரர் ஒருவர் இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. மாமா கழுத்துப் படத்தைக் காட்டி, "மச்சான், மச்சான்" என்றார். அவர் இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாவது வாரம் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னிடம் வந்து, "யாரும்மா அவரு, காணாமப் போயிட்டாரா?" என்று மிகுந்த கவலையோடு விசாரித்தார். போனில் அப்பா வேறு. "மச்சான், போட்டோ கோணலா தொங்குது. நேரா வையிங்க." "மச்சான், இந்த வெயில்ல நீங்க வந்து மாட்டிக்கிட்டு நில்லுங்க, அப்பத் தெரியும்" என்றார் மாமா.

நான்காவது வாரம் குழந்தை தானாக நடந்து போனாள். ஐந்தாவது வாரம் பத்தில் எட்டு. ஆறாவது வாரம் பத்தில் ஒன்பது. நான் எழுதிய அறிக்கைகளிலேயே அழகானது அன்றைக்கு எழுதியதுதான். 'இலக்கு நிறைவேறியது' என்று போட்டேன். மையத்தை நடத்தும் மேடம் ஸ்ரீரங்கத்துக்காரர். படித்துவிட்டு, "பெருமாள் கிருபை. பேஷா பண்ணியிருக்கே. அன்னிக்கு ஒரு வீடியோ எடுத்துண்டு வந்துடு, பேரன்ட்ஸ் மீட்டிங்ல போடலாம்" என்றார். பெருமாள் கிருபை என்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். வெயிலில் நின்றவள் நான் அல்லவா.

அந்த நாள் வந்தது. விமானம் மதியம். இரண்டு வேனில் குடும்பமே வந்திருந்தது. குழந்தையின் அம்மா என்னைத் தவிர யாரும் வேண்டாம் என்றுதான் கெஞ்சியிருக்கிறார். நாத்தனார் விடவில்லை. "என் தம்பி வர்றான், நான் போக ஒரு டீச்சர்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமா?" புதுச் சட்டை குத்துகிறது என்று குழந்தை முனகினாள். யாரோ அவள் கையில் மல்லிகைப் பூவைத் திணிக்கப் பார்த்தார்கள். நான் எல்லாரையும் பத்தடி பின்னால் நிற்கச் சொன்னேன். நின்றார்கள், ஆனால் மெதுவாக முன்னால் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவர் வெளியே வந்தார். போனில் பார்த்ததைவிட ஒல்லி. தாடியில் நரை. தோளில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். டிராலி இல்லை. பெட்டி இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்தபடி, குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் அவரைத் தாண்டிப் பார்த்தாள்.

அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர் டிராலி தள்ளிக்கொண்டு வந்தார். இவள் என் கையை உதறிவிட்டு நேராக நடந்தாள். அப்பாவின் முழங்கையை உரசிக்கொண்டுதான் போனாள். பெரியவரின் டிராலிக் கம்பியைப் பிடித்தாள். "அத்தா" என்றாள். பத்து மாதத்தில் இவ்வளவு தெளிவாக அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. தொண்டைக்குள் எதுவும் நிற்கவில்லை. வாசல் முழுக்கக் கேட்டது.

பெரியவர் திகைத்து நின்றார். அவரை அழைக்க வந்திருந்த மனைவியும் பேரன்மாரும் சிரித்தார்கள். "யாரு புள்ளம்மா இது? அழகா கூப்புடுது" என்றார் அவர். குழந்தை டிராலியில் ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். சொன்னால் ஒரு சுற்று உண்டு. அவள் கணக்கில் தப்பே இல்லை.

நாத்தனார் பின்னாலிருந்து சொன்னார், மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி: "நல்லாத்தான் சொல்லிக் குடுத்துருக்காங்க. வர்றவங்க எல்லாம் அத்தா."

அம்மா புர்காவின் கைப்பகுதியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நான் போனைப் பைக்குள் போட்டேன். நல்ல வேளை, வீடியோ பட்டனை அழுத்தவே மறந்திருந்தேன்.

அப்பா நீட்டிய கைகளைக் கீழே விட்டார். என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் என்ன பதில் சொல்வது என்றும் அந்த நொடியில் யோசித்துவிட்டேன். பெட்டி இல்லாமல் வருவதாக ஏன் சொல்லவில்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு தினமும் வந்து எண்ணிச் சொல்லத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லத் தெரியாதா என்று கேட்கத் தயாராக இருந்தேன். அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"சக்கரம், டீச்சர்."

"பெட்டி எங்கண்ணே?" என்றேன்.

"கார்கோவுல போட்டுட்டேன். பாப்பா வந்தா தூக்கணும்ல, கை ரெண்டும் காலியா இருக்கட்டும்னு."



அவர் விடுவிடுவென்று கார் நிறுத்துமிடம் வரைக்கும் நடந்து போய் ஒரு டிராலியை எடுத்து வந்தார். தோள் பையை அதில் வைத்தார். "மச்சான் எந்தத் தூண்லேருந்து கெளம்புவாரு?" என்று கேட்டார். மூன்றாவது என்றேன். மூன்றாவது தூணுக்குப் போய் நின்று, அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குள் நாங்கள் குழந்தையைப் பெரியவரின் டிராலியிலிருந்து ஒருவழியாகப் பிரித்திருந்தோம். அழுதுகொண்டிருந்தவள் இதைப் பார்த்ததும் நிறுத்தினாள். நடந்து போனாள், கம்பியைப் பிடித்தாள். "அத்தா" என்றாள்.

"மாஷா அல்லாஹ்" என்று பின்னால் ஒரே ஆரவாரம். யாரோ கைதட்டினார்கள். நாத்தனார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா குழந்தையை டிராலியில் உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிப்போனார். எனக்கு அந்தக் கைதட்டலைக் கேட்கக் கேட்க எரிச்சல் ஏறியது. அது அவருக்கான வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். இன்னொருவருக்கும் தெரிந்திருந்தது. அம்மா என் பக்கத்தில் வந்து, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"டீச்சர், இது அவங்களையா, வண்டியையா?"

அவரையும்தான்க்கா என்று சொல்லியிருக்கலாம். அறிக்கையில் எழுதியது அப்படியே நின்றிருக்கும். இன்னொரு சுற்று வரச் சொல்லி மேடத்துக்கு வீடியோவும் எடுத்திருக்கலாம்.

"வண்டியத்தான்க்கா" என்றேன். "தப்பு என்னுது."

அவர் தலையாட்டினார். "அப்ப நாளைலேருந்து வண்டிய எடுத்துருங்க" என்றார். அடுப்பிலிருந்து பாலை இறக்கச் சொல்வது போலச் சொன்னார்.

மறுநாள் காலை மையத்துக்குப் போனதும் அந்தக் கோப்பை எடுத்தேன். 'இலக்கு நிறைவேறியது' என்பதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மேடம் பார்த்துவிட்டு, "இதை ஒயிட்னர் போட்டு அழிச்சுடக் கூடாதோ? பார்க்கறவா என்ன நெனைப்பா?" என்றார். கூடாது என்றேன்.

டிராலியை எடுப்பது என்று சொல்வது சுலபம். ஒரே நாளில் எடுத்தால் அவள் அவரிடம் போவதற்குக் காரணமே இருக்காது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீட்டில் டிராலி ஏது? நான் சனிக்கிழமை போனபோது அவர் ஏற்கெனவே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். சமையலறையில் கேஸ் சிலிண்டர் நிற்கும் சக்கரத் தட்டு. சிலிண்டரை இறக்கிவிட்டு, ஒரு கயிறு கட்டி, கூடத்தில் அதை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். குழந்தை பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். "சோறு பொங்க வேணாமா?" என்று அம்மா சமையலறை வாசலில் நின்றார்.

அதற்கு அடுத்தது மாமா கடையிலிருந்து சக்கரம் வைத்த சூட்கேஸ். அதற்கு அடுத்தது அதே சூட்கேஸ், சக்கரத்தைத் துணியால் மூடி. பிறகு சக்கரம் இல்லாத பை. பிறகு வெறும் ஆள். பரிசையும் மாற்றினேன். இனிமேல் சக்கரத்தில் சுற்று கிடையாது. அவர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துச் சுற்றுவார். முதல் வாரம் தோளில் வைத்ததும் அலறினாள். இரண்டாவது வாரம் முனகினாள். எப்போது முனகலை நிறுத்தினாள் என்று தாளில் இருக்கிறது, பதினாறாம் நாள்.

விடுப்பு முடியும்வரை தினமும் வீட்டுக்கே வருவதாகச் சொல்லி, நாற்பது நாளில் இது முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் நாற்பது நாள் யார் கையில் இருந்தது? இன்றைக்கு அரியமங்கலத்தில் பெரியப்பா வீட்டில் விருந்து, நாளைக்கு வையம்பட்டியில் பங்காளி வீட்டில் கல்யாணம். விடுப்பில் வந்தவர் வராவிட்டால் முகம் சுளிப்பார்களாம். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர்கள் எதிரே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். "டீச்சர், இன்னிக்கு ஒரு நாள்." இப்படிப் பதினொரு ஒரு நாள். வீட்டில் இருக்கும் நாளிலும் விருந்தாளி. வந்தவர்களுக்கு எல்லாம் காட்சி வேண்டும். "அத்தான்னு சொல்லச் சொல்லு, கேப்போம்." ஒருநாள் நாத்தனார் எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, மூடி வைத்த சூட்கேஸின் துணியை உருவிவிட்டு, "இந்தா சக்கரம், போ, அத்தாகிட்டப் போ" என்றார். மூன்று நாள் உழைப்பு வீணாகப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அக்கா, நீ உள்ள போயி டீ போடு" என்றார். அவர் அதட்டிப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு ஐந்து நாள் குழந்தைக்குக் காய்ச்சல்.

அவர் வளைகுடாவுக்குத் திரும்பக் கிளம்பும் நாளில் நாங்கள் துணி மூடிய சூட்கேஸைத் தாண்டவில்லை. பை வைத்து இரண்டு முறை முயன்றிருந்தோம். வரவில்லை.

ஏர்போர்ட்டுக்கு இந்த முறை ஒரே கார். மாமா ஓட்டினார். அப்பா, அம்மா, குழந்தை, நான். நாத்தனாரை எப்படி நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் போகும் அப்பாவிடம் ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருந்தது. ஊறுகாய், மசாலாப் பொடி, கூட வேலை பார்ப்பவர்களின் வீடுகளிலிருந்து கொடுத்துவிட்ட சாமான்கள். மாமா இறங்கியதும் டிராலி எடுக்கப் போனார்.

"வேணாம் மச்சான்" என்றார் அவர்.

"முப்பது கிலோ இருக்கும். முதுகு போயிரும்."

"வேணாம். பாப்பா நிக்கிறா."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். இன்னொரு தோளில் அதே சின்னப் பை. அதன் வார் முழங்கால் வரை தொங்கியது. அப்படியே எங்களுக்கு எதிரே, பத்தடி தள்ளிப் போய் நின்றார். உள்ளே போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரிடமும் டிராலி. திருச்சியில் இருக்கிற அத்தனை டிராலியும் அந்த நேரத்தில் அந்த வழியாகத்தான் போக வேண்டும் போல இருந்தது. குழந்தை ஒன்றின் பின்னால் இரண்டு எட்டு வைத்தாள். நான் கையை நீட்டவில்லை. நீட்டக் கூடாது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் நகம் பதிந்தது.

குழந்தை நின்றாள். அப்பாவின் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை. நடந்து போய், தொங்கிய பை வாரைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள். எதுவும் சொல்லவில்லை. அவர் அசையவில்லை. பெட்டியின் கனத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குள் இன்னொரு டிராலி கடகடவென்று வந்தது. அவள் வாரை விட்டுவிட்டு அதன் பின்னால் போனாள். மாமா ஓடிப்போய்ப் பிடித்தார்.

அவர் உள்ளே போனதும் அம்மா என் பையைக் காட்டினார்.

"எழுதுங்க, டீச்சர்."

"கூப்பிடலையேக்கா."

"கூப்பிடலைன்னும் எழுதுங்க. உள்ளதை எழுதுங்க."

தாளை எடுத்தேன். மாமா காரின் முன்பக்கத்தில் வைத்து எழுதினேன். 'டிராலி இல்லாமல். ஒரு முறை. பை வாரைப் பிடித்தாள். அழைக்கவில்லை. ஐந்து நொடி.'

காரில் ஏறுவதற்குள் வீடியோ கால் வந்துவிட்டது. சோதனையெல்லாம் முடிந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தோளை நீவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எவ்வளவு எழுதுனீங்க?"

"அஞ்சு செகண்ட்ண்ணே."

"ஆறு, டீச்சர். நான் எண்ணுனேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியவள். ஐந்துதான். தாளில் திருத்தவில்லை. போனைக் குழந்தையின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "சரிண்ணே, ஆறு" என்றேன்.